இஞ்சித் தண்ணீர் என்று சொன்னான்

எங்கள் ஆபீஸில் வீட்டிலேயே பீர் தயாரிக்கிற ஒருவன் இருந்தான். என்னைவிட ரொம்ப இளையவன். கழக்கூட்டத்தில் இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து ஒரு ஃப்ளாட்டை வாடகைக்கு எடுத்திருந்தான். அங்கே இருந்த இரண்டு பாத்ரூமில் ஒன்றை யாரும் குளிக்கக் கூடாது என்று அடைத்துவிட்டான். உள்ளே வெள்ளை வாளிகளில் அவனுடைய பீர் புளித்துக்கொண்டிருக்கும். மத்தியானம் கேன்டீனில் சாப்பிட உட்கார்ந்தால் அவனுக்கு வேறு பேச்சே கிடையாது. நுரை எழும்பிற்றா, அடங்கிற்றா, ஏன் இந்தத் தடவை பாட்டில் மூடி தெறித்தது, மால்ட் என்கிற முளைகட்டின பார்லியை எந்த ஊரிலிருந்து வரவழைத்தான், எல்லாம் சொல்வான். ஒவ்வொரு வாளிக்கும் சாஃப்ட்வேருக்குப் போடுகிற மாதிரி வெர்ஷன் நம்பர் வேறு. நாங்களும் கேட்டுக்கொண்டு சிரிப்போம்.

அடூர்ப் பக்கம், நெய்யாற்றின்கரைப் பக்கம் தோட்டத்துக்குள் எவனாவது கூலிக்காரன் பானையில் சாராயம் வாற்றினால் அவனை ஜீப்பில் ஏற்றி, பானையை உடைத்துப் போட்டோ எடுத்து, மறுநாள் பேப்பரில் போடுவார்கள். இவன் ஃப்ளாட்டில் செய்தால் அது ஹாபி. அதை அப்போது நான் யோசிக்கவில்லை. இப்போது யோசிக்காத நாளில்லை.

இதை நிதானமாக எழுத வேண்டும் என்று பல தடவை உட்கார்ந்து பார்த்தேன். நிதானம் வரவில்லை. வராமலே எழுதுகிறேன்.

நான் டெஸ்டிங் பிரிவில் இருக்கிறேன். மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவது என் வேலை. அதனால் யாருக்கும் என்னை ரொம்பப் பிடிக்காது. அதைப் பற்றி எனக்குக் கவலையும் கிடையாது. வலியசாலையில் தெற்குத் தெருவில் அம்மாவும் நானும் மட்டும். அப்பா போய் வெகுகாலம் ஆகிறது. நான் கல்யாணம் பண்ணிக்கொண்டு, அது சரிப்படாமல், திரும்பி வந்தவள். அம்மா சர்க்கார் ஆபீஸில் கணக்குப் பிரிவில் இருந்து சூப்பிரண்டாக ரிட்டயர் ஆனவள். அவள் கீழே வேலை பார்த்தவர்கள் இன்றைக்கும் அவளைக் கிழக்கே கோட்டை பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் செருப்பைக் கழற்றாத குறையாக நிற்பார்கள்.

சித்திரை விஷுவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை அந்தப் பையன் ஆபீஸுக்கு ஒரு பை நிறையப் பாட்டில்கள் கொண்டுவந்தான். பழைய சோடா பாட்டில்களில் அடைத்து, வாய்க்குப் புது மூடி போட்டிருந்தான். ஆளுக்கொன்று கொடுத்துக்கொண்டே வந்து என் மேஜையில் ஒன்றை வைத்தான். அவன் என்னிடம் பேசியதெல்லாம் மலையாளம். நான் என் தமிழில் எழுதுகிறேன்.

“சேச்சிக்கு விஷுக் கைநீட்டம்” என்றான், பண்டிகைக் காசு கொடுக்கிற மாதிரி.

“எனக்கு உன் பீர் வேண்டாம்பா. வீட்டுல அம்மா இருக்கா.”

“ஐயோ, பீர் இல்ல சேச்சி. ஜிஞ்சர் பியர். பேர்லதான் பியர் இருக்கு. இஞ்சி, எலுமிச்சம்பழம், சர்க்கரை. வெறும் இஞ்சித் தண்ணி. குழந்தைக்குக்கூடக் கொடுக்கலாம்.”

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் போலீஸ் ஸ்டேஷனில் சொல்லியிருக்கிறேன், வக்கீலிடம் சொல்லியிருக்கிறேன், என் மாமாவிடம் சொல்லியிருக்கிறேன். குழந்தைக்குக்கூடக் கொடுக்கலாம். சிரித்துக்கொண்டே சொன்னான்.

வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜில் வைத்தேன். அம்மா கேட்டாள். ஆபீஸ் பையன் கொடுத்தான், இஞ்சி ஜூஸ் என்றேன்.

மறுநாள் சனிக்கிழமை. மழை வருகிற மாதிரி புழுங்கி, வராமல் போன நாள். ஞாயிறு விடிந்ததும் முதலில் பார்க்க வேண்டிய விஷுக்கணிக்குச் சாமான் வாங்க நான் சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். அம்மா சமையலை முடித்துவிட்டு, வியர்த்துக் கொட்டியபோது அந்தப் பாட்டிலைத் திறந்திருக்கிறாள். அவளுக்கு இஞ்சி என்றால் உயிர். ஒரு டம்ளர் குடித்து, நன்றாக இருக்கவே இன்னொன்றும் குடித்திருக்கிறாள். இதெல்லாம் பிறகு அவளே சொன்னது.

நான் வெள்ளரிக்காயும் கொன்றைப்பூவும் ஒரு முழம் துணியுமாகத் திரும்பி வந்தபோது வாசல் கதவு திறந்து கிடந்தது. உள்ளே குழாய் ஓடுகிற சத்தம். அம்மா அடுக்களைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு ஈரத் துணி. அது என்னவென்றே தெரியாதது போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, விழுந்துட்டியா?”

“கொழாயை மூடணும்னு நினைச்சேன்” என்றாள். “நினைச்சுண்டே இருக்கேன். என் கை ரொம்ப தூரத்துல இருக்கு.”

குழாயை மூடினேன். பக்கத்தில் உட்கார்ந்து முகத்தைத் தொட்டேன். நாக்கு உலர்ந்து, கண் சிவந்து, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. தாடைக்குக் கீழே கை வைத்தாலே துடிப்பு தெரிந்தது.

“இன்னிக்கு என்ன கிழமை?”

“சனிக்கிழமைம்மா.”

“சனிக்கிழமை” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “இன்னிக்கு என்ன கிழமை?” என்றாள். கேட்டுவிட்டு, ஏற்கெனவே கேட்டோம் என்பது அவளுக்கே தெரிந்தது. என் கையை இறுக்கப் பிடித்தாள்.

“ஆரம்பிச்சுடுத்துடி. அக்காவுக்கு வந்தது எனக்கும் ஆரம்பிச்சுடுத்து.”

அவள் அக்கா, என் பெரியம்மா, கடைசிக் காலத்தில் எல்லாவற்றையும் மறந்து, பெற்ற பிள்ளையைக் கறிகாய்க்காரன் என்று விரட்டி, சாப்பிட்டதை மறந்து மறுபடி கேட்டு, எங்கள் வீட்டில்தான் கிடந்து போனாள். அவளைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, ஊட்டிவிட்டது எல்லாம் அம்மா. அம்மாவுக்குச் சாவைப் பற்றிப் பயமில்லை. அந்த ஒன்றைப் பற்றி மட்டும்தான் பயம். தலை நரைத்த நாளிலிருந்து அவள் பிரார்த்தனையே அதுதான். ஓர்மை தப்பாமல், ஞாபகத்தோடு கொண்டுபோ. வேறொன்றும் வேண்டாம்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம், ஒரு விடலைப்பயலின் விளையாட்டுக்காக, அவள் அந்தப் பயத்துக்குள்ளேயே தூக்கிப் போடப்பட்டாள். அவளைப் பொறுத்தவரை அது நடந்துவிட்டது. அவள் தன் புத்தியை இழந்துவிட்டாள், அதை இழப்பதைத் தானே பார்த்துக்கொண்டும் இருக்கிறாள்.

பக்கத்து வீட்டு மாமி ஓடிவந்தாள். ஆட்டோ வந்தது. பழவங்காடியில் வண்டிகள் நின்றுபோய், ஆட்டோக்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருக்க, அம்மா என் தோளில் தலை வைத்து, “இது எந்த ஊருடி?” என்றாள். பிறந்ததிலிருந்து அவள் தாண்டிப் போகிற பிள்ளையார் கோவில் ஆட்டோவுக்கு வெளியே இருந்தது.

ஆஸ்பத்திரியில் பக்கவாதமாக இருக்கும் என்று பயந்து தலையை ஸ்கேன் எடுத்தார்கள். கையைத் தூக்கச் சொன்னார்கள், சிரிக்கச் சொன்னார்கள், விரலை எண்ணச் சொன்னார்கள். கோடிக்கணக்கான அரசாங்கக் கணக்கைச் சரிபார்த்தவள் விரலை எண்ண முடியாமல் ஐந்தில் நின்று அழுதாள். ஸ்கேனில் ஒன்றுமில்லை. இருதயத்தில் ஒன்றுமில்லை. ரத்தமும் சிறுநீரும் எடுத்துப் போனார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு நர்ஸ் வந்து, அம்மாவின் பக்கத்தில் குனிந்து, மெதுவாகத்தான் கேட்டாள். “அம்மே, வலிக்குமோ?”

புகைப்பதுண்டா என்று கேட்கிறாள். மலையாளத்தில் வலிக்கிறது என்றால் புகையை இழுக்கிறது. அம்மா ஆபீஸில் முழுக்க மலையாளத்தில் கோப்பு எழுதியவள், அந்த மொழியில் மந்திரிக்கே பதில் சொன்னவள். ஆனால் அன்றைக்கு அவள் தலையில் மலையாளம் எங்கேயோ போய்விட்டிருந்தது. அவள் காதில் தமிழாகத்தான் விழுந்தது.

“இல்லேம்மா, வலிக்கலே” என்றாள் குழந்தை மாதிரி. “பயமாத்தான் இருக்கு.”

நர்ஸ் என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் புரியாமல் நர்ஸைப் பார்த்தேன்.

அப்புறம் ஒரு இளம் டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போனாள். வீட்டில் யாராவது கஞ்சா உபயோகிப்பதுண்டா என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. டாக்டர் சிரிக்கவில்லை. “அம்மாவின் சிறுநீரில் இருக்கிறது. நிறைய. இன்றைக்கு என்ன சாப்பிட்டார்கள்?” என்றாள்.

சாம்பார், வாழைக்காய்க் கறி, மோர் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பிறகுதான் பாட்டில் ஞாபகம் வந்தது.

வராந்தாவிலிருந்தே அவனுக்கு போன் செய்தேன். பின்னால் பாட்டுச் சத்தம் கேட்டது. விஷயத்தைச் சொன்னேன். பாட்டு நின்றது.

“எவ்வளவு குடிச்சாங்க?”

இதுதான் அவன் முதல் கேள்வி. எப்படி இருக்கிறார்கள் என்றில்லை.

“பாட்டில்ல முக்காவாசி.”

அவன் மூச்சுக்குள் ஒரு சத்தம் வந்தது. சிரிப்புதான். அடக்கிக்கொண்டான். ஆனால் வந்தது.

“சேச்சி பயப்பட வேண்டாம். ஒண்ணும் ஆகாது. தூங்கி எழுந்தா சரியாப் போயிடும். செடிதானே, கெமிக்கல் ஒண்ணும் இல்லையே.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “ஆஸ்பத்திரியில என் பேரைச் சொல்லலையே?” என்றான்.

போனை வைத்துவிட்டுத் திரும்பி, அந்த இளம் டாக்டரிடம் அவன் பேரைச் சொன்னேன். எழுத்துக் கூட்டிச் சொன்னேன்.

அம்மா மறுநாள் சாயங்காலம் தெளிந்தாள். விஷுவன்று விடியற்காலையில் கணி காண வேண்டியவள் ஆஸ்பத்திரிச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். நடந்ததைச் சொன்னபோது அவள் நம்பவில்லை. மறுபடி சொன்னேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். “அப்படின்னா அது அக்காவோடது இல்லையா?” என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். அவளுக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் திரும்பியபோது கண்ணில் நிம்மதி இல்லை.

ஆஸ்பத்திரிக்காரர்கள் சட்டப்படி போலீஸுக்குத் தெரிவித்திருந்தார்கள். நாங்கள் வீடு திரும்பிய பிறகு ஒரு போலீஸ்காரர் தெருவுக்கு வந்தார். ஜீப் தெருமுனைக் கோவில் முகப்பில் நின்றது. எதிர் வரிசை ஜன்னல்கள் எல்லாம் திறந்தன. அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு கூடத்தில் நாற்காலியில் நேராக உட்கார்ந்து பதில் சொன்னாள். அவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் போகும்போது என்னைத் தனியாகக் கேட்டார், “மேடத்துக்கு இந்தப் பழக்கம் உண்டா? அதனால்தானே அவன் கொடுத்தான்?”

என் மாமா, அம்மாவின் தம்பி, அதே தெருவில் நான்கு வீடு தள்ளி இருக்கிறார். அவர் அதையே கொஞ்சம் நாசூக்காகக் கேட்டார். “அந்த மாதிரிப் பசங்களோட உனக்கு என்ன சகவாசம்? குடுத்தா வாங்கிண்டு வந்துடறதா?”

“இஞ்சித் தண்ணின்னு சொன்னான் மாமா.”

“அவன் என்ன வேணா சொல்லுவான். நீ மோந்து பார்க்க வேண்டாமா?”

எனக்குக் கஞ்சாவின் மணம் தெரிந்திருக்க வேண்டும் என்று என் மாமா எதிர்பார்த்தார்.

அந்த வாரக் கடைசியில் அவனே வந்தான். ஆப்பிள் கூடையோடு, இஸ்திரி போட்ட சட்டையோடு, நெற்றியில் சந்தனத்தோடு. அம்மாவின் காலைத் தொடக் குனிந்தான். அம்மா காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

“உட்காரு மோனே” என்றாள் மலையாளத்தில். அவளுடைய மலையாளம் திரும்பி வந்திருந்தது. “என்ன நடந்ததுன்னு சொல்லு.”

சொன்னான். ஃப்ரிட்ஜில் இரண்டு விதம் இருந்தது. ஒன்று சாதாரண ஜிஞ்சர் பியர், ஆபீஸுக்கு. இன்னொன்றில் கஞ்சா போட்டது, ஃப்ளாட்டில் இருக்கிறவர்கள் மட்டும் குடிக்க. எல்லாம் ஒரே மாதிரி பாட்டில். மாறிப்போய்விட்டது. கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டு சொன்னான்.

“அதுல எதுக்கு அதைப் போட்டே?”

இதற்கு அவன் கொஞ்சம் உற்சாகமானான். அதுதான் என்னால் பொறுக்க முடியாமல் போனது. பீருக்குக் கசப்புக்காக ஹாப்ஸ் என்று ஒரு பூ போடுவார்கள், அதுவும் கஞ்சாவும் ஒரே குடும்பத்துச் செடிகள், வெளிநாட்டில் சில இடங்களில் சட்டப்படியே இப்படிப் பானம் செய்கிறார்கள் என்று கேன்டீனில் சொல்வதைப் போல ஆரம்பித்தான். “நம்ம நாட்டுல இது புதுசும் இல்ல ஆன்ட்டி. சிவனே...”

அம்மா கையைக் காட்டினாள். அவன் நிறுத்தினான்.

“சிவன் விஷத்தைத் தானே குடிச்சார். பாட்டில்ல அடைச்சு அடுத்தாத்துக்குக் கொடுத்தனுப்பலை.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பாட்டில் மாறிப்போனது நிஜம்தானா என்று அம்மா கேட்டாள். நிஜம், அம்மாவாணை என்றான். ஆப்பிளை எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். அவன் போனதும் என்னிடம், “தெரியாம நடந்ததுன்னா விட்டுடு. படிக்கற வயசுலேர்ந்து இப்பதான் வெளியில வந்திருக்கான். ஜெயிலுக்குப் போக வேண்டாம்” என்றாள். போலீஸ்காரருக்கும் போன் செய்து, வழக்கு ஒன்றும் வேண்டாம், கைத்தவறுதல் என்று சொல்லிவிட்டாள். எனக்கு இஷ்டமில்லை. ஆனால் அவஸ்தைப்பட்டது அவள். அவள் முடிவு என்று விட்டேன்.

ஆபீஸில் அவன் என்னைப் பார்த்தால் வேறு பக்கம் போவான். நானும் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மாதம் ஆகியிருக்கும். கேன்டீனில் எங்கள் டீமிலேயே சின்னவள், சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாதவள், தட்டை எடுத்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். பரவாயில்லை என்றேன்.

“பாவம், அம்மா குடிப்பாங்கன்னு யாரும் நினைக்கல்ல சேச்சி. உங்களுக்குன்னுதானே அவன் தனியா எடுத்து வச்சிருந்தான்.”

கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தேன்.

“என்ன சொன்னே?”

அவளுக்கு முகம் வெளுத்தது. எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். துருவிக் கேட்டேன். அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே சொன்னாள். அவன் முந்தின நாளே டீமில் நாலைந்து பேரிடம் சொல்லியிருக்கிறான். சேச்சி எப்பவும் டென்ஷன், எல்லாத்தையும் திருப்பி அனுப்பறாங்க, ஒரு பாட்டில் உள்ளே போனா ஒரு நாளாவது சிரிப்பாங்க, திங்கட்கிழமை வந்து என்ன சொல்றாங்கன்னு பார்க்கலாம். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். திங்கட்கிழமைக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். ஒருத்தரும், ஒருத்தர்கூட, எனக்கு ஒரு மெசேஜ் அனுப்பவில்லை. குடிக்காதீங்க என்று இரண்டு வார்த்தை.

அவன் மாடிப்படியில் போன் பேசிக்கொண்டிருந்தான். போனை வாங்கி அணைத்தேன்.

“பாட்டில் மாறிப்போச்சா?”

என் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்தது. முதலில் மழுப்பினான். பிறகு, அவன் மூஞ்சியில் ஒரு மாற்றம் வந்தது. பயம் போய் எரிச்சல் வந்தது.

“ஒரு ஜோக் சேச்சி. நீங்க குடிச்சிருந்தா ஒரு பிரச்சினையும் இல்ல. நல்லாத் தூங்கியிருப்பீங்க. உங்களுக்குக் கொடுத்ததை நீங்க ஏன் அம்மாவுக்குக் கொடுத்தீங்க?”

அவனை அடிக்கவில்லை. அடித்திருக்க வேண்டும் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். நான் ஸ்கூட்டரில் ஹைவேயில் வீட்டுக்குப் போகிறவள். வெள்ளிக்கிழமை கிளம்பும்போது தாகம் எடுத்து ஆபீஸ் வாசலிலேயே அதைக் குடித்திருந்தால், டேங்கர் லாரிகளுக்கு நடுவில் நானும் என் கை எங்கே இருக்கிறது என்று தேடியிருப்பேன். அதுவும் அவனுக்கு ஜோக்காக இருந்திருக்கும். என் ரத்தத்துக்குள் எது போக வேண்டும் என்று தீர்மானிக்க எனக்கு மட்டும்தான் உரிமை என்பது, இவ்வளவு படித்த, இவ்வளவு பேசுகிற, பெண் சமத்துவத்துக்கு மார்ச் மாதம் கேக் வெட்டுகிற அந்தக் கூட்டத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

மேனேஜரிடம் போனேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார். ஆபீஸ் நேரத்துக்கு வெளியே நடந்தது என்றார். பர்சனல் விஷயம் என்றார். “அவன் நல்ல ரிசோர்ஸ். ஒரு முட்டாள்தனத்துக்காக அவன் கரியர் போகணுமா? யோசிங்க.” என்னுடைய அம்மா எந்தக் கணக்கில் வருகிறாள் என்று கேட்டேன். “அம்மா இப்ப நல்லா இருக்காங்கதானே?” என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் கறிகாய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அரிவாள்மணையை மடக்கி ஓரமாக வைத்துவிட்டு, “அம்மாவாணைன்னு சொன்னானே” என்றாள். அது ஒன்றைத்தான் சொன்னாள். பிறகு உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். “வா, ஸ்டேஷனுக்குப் போகலாம்.”

வழியில் மாமா பார்த்துவிட்டார். வாசலில் நின்று தடுத்தார். “அக்கா, மானம் போயிடும். கஞ்சா கேஸ்ல நம்மாத்துப் பேர் வரணுமா? பழவங்காடியில ஒரு தேங்காயை உடைச்சுட்டு விட்டுடு. பிள்ளையார் பார்த்துப்பார்.”

“பிள்ளையாருக்கு வேற வேலை இருக்கு” என்றாள் அம்மா. நடந்தாள்.

புகார் எழுதினோம். இந்தத் தடவை ஒரு பெண் போலீஸ். முதலில் கைத்தவறுதல் என்று ஏன் சொன்னீர்கள் என்று நாலு தடவை கேட்டாள். அப்போது அவன் பொய் சொன்னான், அதை நாங்கள் நம்பினோம் என்று அம்மா நாலு தடவையும் அதே வார்த்தைகளில் சொன்னாள். வழக்குப் பதிவானது. அவன் ஃப்ளாட்டுக்குப் போனபோது பாத்ரூம் ஃபினாயில் மணத்தோடு பளபளவென்று இருந்ததாம். வாளியெல்லாம் போய்விட்டது. ஒரு மாதம் அவகாசம் கொடுத்தால் யார்தான் கழுவ மாட்டார்கள்? ஆஸ்பத்திரிச் சோதனை இருந்தது. அந்தச் சின்னப் பெண் இருந்தாள். அவள் முதலில் சாட்சி சொல்ல மாட்டேன் என்றாள், பிறகு அழுதாள், பிறகு சொன்னாள். அவளை மட்டும் நான் மன்னித்துவிட்டேன். மற்றவர்களை இல்லை.

மற்றவர்கள் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். நான் கேன்டீனில் உட்கார்ந்தால் மேஜை காலியாகும். அவன் பெங்களூரில் வேறு வேலை வாங்கிக்கொண்டு போனான். கடைசி நாளில் கேக் வெட்டினார்கள். கைதட்டல் கேட்டது. நான் என் இடத்தில் உட்கார்ந்து, அவன் கடைசியாக எழுதிவிட்டுப் போன புரோகிராமைப் பிரித்துத் தப்புக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். நிறைய இருந்தது.

அம்மா நன்றாக இருக்கிறாள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பார்த்தால் அப்படித்தான். ஆனால் அவள் காலையில் காபி குடித்ததும் நட்சத்திரங்களைச் சொல்கிறாள். நேராக அல்ல. ரேவதியில் ஆரம்பித்துப் பின்னோக்கி, உத்திரட்டாதி, பூரட்டாதி, சதயம் என்று அசுவினி வரைக்கும். நடுவில் ஒன்று தடுக்கினால் மறுபடி ரேவதியிலிருந்து. முன்பு அவளுக்கு இந்தப் பழக்கம் கிடையாது. இது ஜபம் இல்லை, தன்னைத் தானே வைத்துக்கொள்கிற பரீட்சை. எழுபது வயதில் யாருக்கும் ஒரு பெயர் மறக்கும், கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேட நேரும். அவளுக்கு மறந்தால் கை நின்றுவிடுகிறது. “இது அதுவாடி?” என்று கேட்கிறாள். இல்லைம்மா என்கிறேன். என் முகத்தையே பார்க்கிறாள், நான் பொய் சொல்கிறேனோ என்று. கோவிலில் தீர்த்தம் கொடுத்தால்கூடக் கையில் வாங்கித் தலையில் தடவிக்கொள்கிறாள், குடிப்பதில்லை.

அந்தக் கஞ்சா அவள் உடம்பிலிருந்து சில நாளில் போய்விட்டது. அந்தச் சனிக்கிழமை போகவில்லை. அது எந்தச் சோதனையிலும் தெரியாது, எந்த ஸ்கேனிலும் விழாது. இதை மேனேஜரிடம் எப்படிச் சொல்வது?

போன மாதம் அவன் போன் செய்தான். புது நம்பர். அவன் குரல் என்று தெரிந்ததும் வைக்கப்போனேன்.

“சேச்சி, வைக்காதீங்க. ப்ளீஸ்.”

வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது. போலீஸ் சர்ட்டிஃபிகேட் வேண்டும். இந்த வழக்கு நிலுவையில் இருப்பதால் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். நாங்கள் சமரசமாகப் போகிறோம் என்று கோர்ட்டில் சொன்னால் வக்கீல் பார்த்துக்கொள்வார். அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. அவன் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. “ஒரு ஜோக்குக்காக என் வாழ்க்கையே போகணுமா சேச்சி? எத்தனை நாளைக்குத்தான் இந்தக் கோபம்?”

அம்மா எதிரில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். கையை நீட்டினாள். கொடுத்தேன்.

“மோனே, நான்தான் பேசறேன்.”

“ஆன்ட்டி, என்னை மன்னிச்சுடுங்க. உங்க மகன் மாதிரி நினைச்சு...”

“மகன் மாதிரி வேண்டாம். நான் கேட்கறதுக்குப் பதில் சொல்லு. அன்னிக்கு என் முன்னாடி உட்கார்ந்து அம்மாவாணைன்னு சொன்னியே, அப்ப உங்கம்மா உசிரோட இருந்தாளா?”

“இருக்காங்க ஆன்ட்டி.”

“அவ கிட்டப் போய் நடந்ததை முழுசாச் சொல்லு. மாறிப்போச்சுன்னு சொல்லாதே. வேணும்னே கொடுத்தேன்னு சொல்லு. கேட்டுட்டு அவ எனக்கு போன் பண்ணட்டும். அவ விடுன்னு சொன்னா யோசிக்கறேன்.”

“அம்மாகிட்ட எப்படி ஆன்ட்டி... அவங்களுக்கு இதெல்லாம் தெரியாது. தாங்க மாட்டாங்க.”

அம்மா என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. குரல் மட்டும் உயரவில்லை.

“தாங்க மாட்டாளா?” என்றாள். போனை அணைத்து என் கையில் கொடுத்தாள்.

அவன் அம்மாவிடமிருந்து இதுவரை போன் வரவில்லை. அவன் மட்டும் மறுபடி இரண்டு தடவை கூப்பிட்டான். எடுக்கவில்லை. மாமா பேசிப் பார்த்தார், தெருவில் இரண்டொருவர் பேசிப் பார்த்தார்கள். பாவம், சின்னப் பையன், எதிர்காலம் என்கிறார்கள். இழக்க எதிர்காலம் இருக்கிறவர்களுக்குத்தான் இந்த ஊரில் பரிதாபம் எல்லாம்.

வழக்கு வருஷக்கணக்காகும் என்று எங்கள் வக்கீல் சொல்லிவிட்டார். சாட்சிக் கூண்டில் அம்மாவை நிறுத்தி, வயதானவள், ஞாபகம் சரியில்லாதவள் என்று எதிர்த் தரப்பு சொல்லப் பார்க்கும், அதற்குத் தயாராக இருங்கள் என்றும் சொன்னார். அம்மா அதைக் கேட்டு, “சொல்லட்டும்” என்றாள். அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். நான் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். காரணம் என்ற இடத்தில் கோர்ட் என்று தெளிவாக எழுதினேன். மேனேஜர் அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.